அருகில் தொடங்கிய படங்கள்

1930களில் பம்பாய் நகர நாளிதழ் ஒன்று, கல்லூரி மாணவி ஒருவர் எடுத்த ஒளிப்படங்களை வெளியிட்டது. படத்துக்கு ஒரு ரூபாய் வீதம் அவருக்குச் சன்மானம் கிடைத்தது. அந்தப் படங்களில் புகழ்பெற்ற தலைவர்கள் யாரும் இல்லை. போரும் இல்லை, வெள்ளமும் இல்லை. மகளிர் மன்றத்தைச் சேர்ந்தவர்கள் உல்லாசப் பயணம் சென்றபோது எடுத்த படங்கள் அவை. அவற்றை எடுத்த மாணவியின் பெயர் ஹோமாய் வியாரவாலா. இந்தியாவின் முதல் பெண் செய்தி ஒளிப்படக்காரர் என்று வரலாறு பின்னாளில் அவரைக் குறிப்பிட்டது.

செய்தி ஒளிப்படமும் ஆவணப்படமும் உடன்பிறப்புகளைப் போன்றவை. ஒன்று காலத்தை ஒரு கணத்தில் நிறுத்திக் காட்டும். மற்றொன்று அந்தக் காலம் நகர்வதைக் காட்டும். இரண்டும் பார்ப்பவருக்கு ஒரே வாக்குறுதியைத் தருகின்றன: "இது உண்மையில் நடந்தது." இந்த வாக்குறுதியைக் காப்பாற்ற மாணவர்கள் எதைக் கற்க வேண்டும்? படக்கருவியின் பொத்தான்களைப் பற்றி ஒரு வாரத்தில் தெரிந்துகொள்ளலாம். ஆனால் எதைப் பார்ப்பது, யாருக்கு அருகில் நிற்பது, எப்போது விலகி நிற்பது என்பவற்றைக் கற்கப் பல ஆண்டுகள் ஆகும். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஊரில் மாணவியராக இருந்த இருவரின் அனுபவம் இதை நன்கு விளக்குகிறது.

ஹோமாய் 1913ஆம் ஆண்டில் குஜராத்தின் நவ்சாரி நகரில் பார்சி குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தந்தை ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவில் நடிகர். அக்காலத்தில் பார்சி நாடகக் குழுக்கள் இந்தியாவைத் தாண்டியும் புகழ் பெற்றிருந்தன. அவற்றில் சில கடல் கடந்து பினாங்கு வரை வந்தன. மலாய் மக்களின் பங்சாவான் நாடகம் உருவாக அந்தக் குழுக்களின் வருகையும் ஒரு காரணமாக இருந்தது. அத்தகைய நாடகக் குடும்பத்தில் வளர்ந்த ஹோமாயின் குழந்தைப் பருவம் பயணங்களிலேயே கழிந்தது.

பிறகு அவர் பம்பாயில் படித்தார். அங்குள்ள ஜே. ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்து ஓவியம் பயின்றார். ஒளிப்படம் எடுக்க அவருக்குக் கற்றுத் தந்தவர் மானெக்ஷா வியாரவாலா. அவர் ஒரு நாளிதழ் நிறுவனத்தில் கணக்காளராகப் பணியாற்றிக்கொண்டே ஒளிப்படங்களும் எடுத்துவந்தார். பின்னாளில் ஹோமாய் அவரையே மணந்துகொண்டார்.

கலைப்பள்ளியில் கற்ற பாடங்கள் ஹோமாய்க்குக் கைகொடுத்தன. ஒரு சட்டத்துக்குள் உருவங்களை எப்படி அமைப்பது, வெளிச்சம் முகத்தில் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும், வெற்றிடம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பவற்றை ஓவியம் அவருக்குக் கற்பித்தது. ஆனால் ஓவியருக்கு இருக்கும் அவகாசம் ஒளிப்படக்காரருக்கு இல்லை. ஓவியர் தவறிய கோட்டை அழித்துவிட்டு மீண்டும் வரையலாம். ஒளிப்படக்காரருக்கோ கண் இமைக்கும் நேரம்தான் கிடைக்கும்.

அவர் பயன்படுத்திய ரோலிஃபிளெக்ஸ் படக்கருவியை இடுப்பளவில் பிடித்துக்கொண்டு, குனிந்து அதன் மேற்பகுதியில் உள்ள கண்ணாடித் திரையைப் பார்க்க வேண்டும். அதில் காட்சி இட வலமாக மாறித் தெரியும். ஒரு படச்சுருளில் 12 படங்கள் மட்டுமே எடுக்க முடியும். செய்திப் பணிக்கு அவர் பயன்படுத்திய மற்றொரு கருவியான ஸ்பீட் கிராஃபிக் மிகவும் கனமானது. அதில் ஒரு படம் எடுத்ததும் படத்தகட்டை மாற்ற வேண்டும். இருட்டில் எடுப்பதாக இருந்தால், ஒருமுறை ஒளிர்ந்ததும் பயனற்றுப்போகும் மின்வெட்டொளி விளக்கையும் மாற்ற வேண்டும். எடுத்த படம் எப்படி இருக்கிறது என்பது, இருட்டறையில் அதை இரசாயனக் கரைசலில் கழுவிய பிறகுதான் தெரியும்.

இன்று கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் நூறு படங்கள் எடுத்து, 99 படங்களை அழித்துவிடலாம். ஹோமாயிடம் 12 வாய்ப்புகளே இருந்தன. அதனால் அவர் முதலில் பார்த்தார், பிறகு காத்திருந்தார், அதன் பிறகே பொத்தானை அழுத்தினார்.

மாணவியாக இருந்தபோது யாரை அவர் படம் எடுத்தார்? தம்முடன் படித்த தோழியரையும் பம்பாய் நகரத்தின் அன்றாட வாழ்க்கையையும் எடுத்தார். தோழியர் அவருக்கு முன்னால் கூச்சமின்றி நின்றார்கள். அந்த இயல்பு படங்களிலும் தெரிந்தது. வெளியூரிலிருந்து வரும் ஒளிப்படக்காரருக்கு எளிதில் கிடைக்காத அந்த நெருக்கம், ஒரு மாணவிக்குத் தம் வகுப்பறையிலேயே கிடைத்தது.

இருப்பினும், படத்தை எடுத்தவர் என்னும் பெருமை அவருக்கு உடனே கிடைக்கவில்லை. அவர் எடுத்த படங்கள் தொடக்கத்தில் அவருடைய கணவரின் பெயரில் இதழ்களில் வெளிவந்தன. அப்போது அவரை யாருக்கும் தெரியாது. மேலும், அவர் ஒரு பெண். பெண் ஒருவர் செய்திப் படங்களை எடுப்பார் என்பதைப் பலராலும் அன்று நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த அலட்சியமே தமக்கு ஒரு வகையில் வசதியாகவும் இருந்தது என்று ஹோமாய் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். யாரும் அவரைப் பொருட்படுத்தாததால், அவரால் தடையின்றிப் போய்ப் படம் எடுக்க முடிந்தது.

1942இல் கணவனும் மனைவியும் டெல்லிக்குக் குடிபெயர்ந்து, பிரிட்டிஷ் தகவல் சேவையில் பணிக்குச் சேர்ந்தனர். ஹோமாய் சேலை உடுத்தி, கருவிகளைச் சுமந்துகொண்டு, மிதிவண்டியில் நகரத்தைச் சுற்றினார். இந்தியாவைப் பிரிப்பதற்கு ஆதரவாகத் தலைவர்கள் கை உயர்த்திய கூட்டத்தையும், விடுதலையின்போது செங்கோட்டையில் கொடி ஏற்றப்பட்டதையும் அவர் படம் எடுத்தார். காந்தியடிகளின் இறுதிச் சடங்கும் பின்னாளில் நேருவின் இறுதிச் சடங்கும் அவருடைய படங்களில் பதிவாயின. தோழியரிடம் கற்ற அதே பொறுமையைத்தான் தலைவர்களிடமும் அவர் பயன்படுத்தினார். மேடையில் கைகூப்பி நிற்கும் தலைவரைப் படம் எடுக்கப் பலர் இருந்தார்கள். அந்தத் தலைவர் தம்மை மறந்து சிரிக்கும் கணத்துக்காக ஹோமாய் காத்திருந்தார்.

ஆனால் அவர் எடுக்கத் தவறிய காட்சி ஒன்றும் உண்டு. 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் மாலை, காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டத்தைப் படம்பிடிக்க அவர் கிளம்பினார். மறுநாள் இருவரும் சேர்ந்தே போகலாம் என்று கணவர் சொன்னதால் திரும்பிவிட்டார். அன்று மாலைதான் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இடத்தில் இல்லாமற்போன வருத்தம் ஹோமாயின் மனத்தில் நெடுங்காலம் நீடித்தது. ஓர் ஓவியர் நடந்ததைக் கேட்டறிந்து பிறகு வரையலாம். எழுத்தாளர் பிறர் சொல்லக் கேட்டு எழுதலாம். ஒளிப்படக்காரரால் அது முடியாது. அவர் அங்கே இருந்திருக்க வேண்டும். 'நாளை எடுத்துக்கொள்ளலாம்' என்ற எண்ணத்தின் விலை என்ன என்பதை இந்தத் துறையின் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி வேறில்லை.

ஹோமாய் 1970இல் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார். அதற்கு முந்திய ஆண்டில் அவருடைய கணவர் இறந்திருந்தார். புதிதாக வந்த ஒளிப்படக்காரர்கள் சிலரின் நடத்தையும் அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய தலைமுறையினர் நிகழ்ச்சிக்கு ஏற்ப உடுத்தினார்கள். படம் எடுக்கப்படுபவரை மதித்தார்கள். முண்டியடித்துக்கொண்டு போய் எடுக்கும் படம் தமக்கு வேண்டாம் என்று அவர் முடிவு செய்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2011இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. அதற்கு அடுத்த ஆண்டில், 98ஆம் வயதில் அவர் காலமானார்.

ஹோமாய் கற்றது அசையாத படத்தின் கலை. அசையும் படத்தைக் கற்கும் மாணவர்களுக்கு மேலும் சில சிக்கல்கள் உண்டு. அவர்கள் ஒலியைக் கவனிக்க வேண்டும். பல மணி நேரக் காட்சிகளைச் சில நிமிடங்களுக்குள் சுருக்க வேண்டும். எந்தக் காட்சிக்குப் பிறகு எந்தக் காட்சி வர வேண்டும் என்றும் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் உண்மை என்னும் கேள்வி எழுகிறது.

ஆவணப்படம் பயிலும் மாணவர்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே பார்க்கும் படம், ராபர்ட் ஃபிளாஹர்ட்டி 1922இல் வெளியிட்ட 'நானூக் ஆஃப் தி நார்த்'. கனடாவின் பனிப்பகுதியில் வாழும் இனுயிட் குடும்பம் ஒன்றைப் பற்றிய படம் அது. அதன் அழகு இன்றும் பார்ப்பவர்களைக் கவர்கிறது. ஆனால் படத்தின் நாயகனுடைய உண்மையான பெயர் நானூக் அல்ல. அப்பகுதி மக்கள் அதற்கு முன்பே துப்பாக்கியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். இருந்தும், படத்தில் அவர்கள் பழைய முறையில் ஈட்டியால் வேட்டையாடுகிறார்கள். பனிவீட்டுக்குள் படம்பிடிக்கப் போதிய வெளிச்சம் இல்லாததால், ஒரு பக்கம் திறந்த பெரிய பனிவீட்டைக் கட்டி, அதற்குள் குடும்பத்தினர் உறங்கி எழுவது போலப் படம்பிடித்தார்கள்.

இது பொய்யா? மறைந்துகொண்டிருந்த வாழ்க்கை முறையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதே ஃபிளாஹர்ட்டியின் நோக்கம் என்பார் சிலர். பார்ப்பவரிடம் சொல்லாமல் மாற்றியது தவறு என்பார் வேறு சிலர். வகுப்பறைகளில் இன்றும் இந்த விவாதம் முடியவில்லை. ஆனால் மாணவர்கள் இதிலிருந்து ஒன்றைத் தெரிந்துகொள்கிறார்கள். படம்பிடிக்கப்படுபவரின் வாழ்க்கை, படம்பிடிப்பவரின் கற்பனைக்கு ஏற்ப வளைக்கப்படலாம். தொலைவிலுள்ள, பார்வையாளருக்குத் தெரியாத வாழ்க்கையை வளைப்பது எளிது. தெரிந்தவர்களின் வாழ்க்கையை அப்படி வளைக்க முடியாது. வளைத்தால், "நாங்கள் இப்படி இல்லையே!" என்று அவர்களே கேட்டுவிடுவார்கள்.

அருகிலுள்ள வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்த மாணவி ஒருவர் சிங்கப்பூரில் உண்டு. டான் பின் பின் முதலில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். பிறகு அமெரிக்காவிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலையில் முதுநிலைக் கல்வி பயின்றார். அங்கே அவர் எடுப்பதற்கு எத்தனையோ புதிய கதைகள் இருந்திருக்கும். ஆனால் அவருக்கு மாணவர் அகாடமி விருதைப் பெற்றுத் தந்த 'மூவிங் ஹவுஸ்' என்னும் ஆவணப்படம், சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்றின் கதை. 2001இல் வெளிவந்த அந்தப் படம் ஓடும் நேரம் 22 நிமிடங்கள்.

நிலப்பற்றாக்குறை நிலவும் சிங்கப்பூரில், வீடுகளும் சாலைகளும் அமைப்பதற்காகப் பல இடுகாடுகள் அகற்றப்பட்டுள்ளன. அவ்வாறு அகற்றப்படும்போது, குடும்பத்தினர் முன்னோரின் எச்சங்களைத் தோண்டி எடுத்து, அஸ்தி மாடத்துக்கு மாற்ற வேண்டும். அத்தகைய ஒரு குடும்பம் பெற்றோரின் கல்லறைக்குச் சென்று, சடங்குகள் செய்து, எஞ்சியிருப்பதை எடுத்துச் செல்வதை அந்தப் படம் காட்டுகிறது. கம்பத்து வீட்டிலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கு மாறியவர்கள் சிங்கப்பூரர்கள். இறந்தவர்களும் அப்படியே வீடு மாறுகிறார்கள் என்பதை 'வீடு மாறுதல்' என்று பொருள்படும் அந்தத் தலைப்பு உணர்த்துகிறது.

இந்தக் காட்சியைப் படம்பிடிப்பது எளிதன்று. துயரத்திலும் சடங்கிலும் இருக்கும் குடும்பத்தின் நடுவே படக்கருவியோடு நிற்க வேண்டும். நெருங்கிப் போகாவிட்டால் படத்தில் உயிர் இருக்காது. அளவுக்கு மீறி நெருங்கினால் அந்தக் குடும்பத்தின் மனம் புண்படும். வந்திருப்பவர் தங்களை மதிக்கிறார் என்று உணர்ந்தால்தான் மக்கள் கருவியை மறந்து இயல்பாக நடந்துகொள்வார்கள். அந்த நம்பிக்கையைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. கேட்டுத்தான் பெற வேண்டும். பெற்ற பிறகு காப்பாற்றவும் வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் கை காட்டினால், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும் கருவியை இறக்கிவிட வேண்டும்.

டான் பின் பின் தொடர்ந்து தம் ஊரையே கவனித்தார். 2005இல் வெளிவந்த அவருடைய 'சிங்கப்பூர் காகா' என்னும் ஆவணப்படம், நகரத்தின் ஒலிகளைத் தொகுத்துத் தருகிறது. சக்கர நாற்காலியில் அமர்ந்து பாட்டுப் பாடியபடி டிஷ்யூத் தாள் விற்கும் பெண்மணியின் குரல் அதில் இருக்கிறது. பெருவிரைவு ரயில் நிலையங்களில் ஒலிக்கும் அறிவிப்புக்குச் சொந்தக்காரரும், சீன வட்டார மொழிகளில் வானொலிச் செய்தி வாசிப்பவர்களும் அதில் வருகிறார்கள். அந்த ஒலிகளைச் சிங்கப்பூரர்கள் அன்றாடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துத் திரையில் பார்த்தபோதுதான் அவை தங்கள் வாழ்க்கையின் பகுதி என்பதைப் பலர் கவனித்தார்கள்.

இந்த இரு மாணவியரும் ஒரே விதத்தில் தொடங்கினார்கள். தெரிந்த மனிதர்களையும் தெரிந்த இடங்களையும் முதலில் உற்றுப் பார்த்தார்கள். ஒளிப்படம் கற்க விரும்பும் மாணவர்கள் பலர், பெரிய நிகழ்ச்சி ஏதேனும் நடக்கும் வரை காத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போனால்தான் நல்ல படம் கிடைக்கும் என்றும் விலை உயர்ந்த கருவி வேண்டும் என்றும் நினைக்கிறார்கள். இதற்கிடையில் அருகில் இருப்பவை சத்தமில்லாமல் மாறிவிடுகின்றன. ஈரச்சந்தையில் முப்பது ஆண்டுகளாக மீன் விற்றவர் கடையை மூடிவிடுகிறார். புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த பழைய மளிகைக் கடை, ஒரு பள்ளி விடுமுறை முடிவதற்குள் வேறு கடையாகிவிடுகிறது. பாட்டி அம்மியில் அரைப்பதை நிறுத்திவிடுகிறார். இவற்றில் எதுவும் மறுநாள் செய்தித்தாளில் வராது.

இத்தகைய ஒன்றைப் பதிவு செய்ய விரும்பும் மாணவர்கள் செய்முறையை எளிதாகக் கற்கலாம். முதலில் இடம் முழுவதும் தெரியும்படி தொலைவிலிருந்து ஒரு படம். அடுத்து, மனிதர் தம் வேலையைச் செய்வது தெரியும்படி நடுத்தரத் தொலைவில் ஒரு படம். அதன் பிறகு அவருடைய கைகளையோ முகத்தையோ மிக அருகிலிருந்து ஒரு படம். இந்த மூன்றும் சேர்ந்தாலே ஒரு சிறு கதை உருவாகிவிடும். காணொளி எடுப்பவர்கள், பேச்சு முடிந்த பிறகும் சில விநாடிகள் கருவியை அணைக்காமல் காத்திருப்பது நல்லது. கேள்விக்குப் பதில் சொல்லி முடித்த பிறகுதான் பலர் தங்கள் மனத்தில் இருப்பதைச் சொல்வார்கள்.

படம் எடுத்த பிறகு செய்ய வேண்டிய வேலையும் உண்டு. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்னும் ஐந்து கேள்விகளுக்கும் பதில் சொல்லும் விளக்கவரி இல்லாமல் செய்திப் படம் முழுமை பெறாது. இவற்றுள் 'யார்' என்னும் கேள்விக்குப் பதில் எழுத, படம் எடுத்தவர் அந்த மனிதரிடம் பேசியிருக்க வேண்டும். அவருடைய பெயரைக் கேட்டு, எழுத்துப் பிழையின்றிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டில் டோரதியா லாங் என்னும் ஒளிப்படக்காரர், வறுமையில் வாடிய தாய் ஒருவரைக் குழந்தைகளோடு படம் எடுத்தார். உலகப் புகழ்பெற்ற படங்களுள் ஒன்றாக அது விளங்குகிறது. ஆனால் லாங் அந்தத் தாயின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகே, அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது உலகுக்குத் தெரியவந்தது. அந்தப் படம் அமெரிக்காவின் வறுமையை எல்லாருக்கும் உணர்த்தியது. ஆனால் படத்தில் இருந்தவருக்கு அதனால் மகிழ்ச்சி இல்லை. அதை எடுத்திருக்கவே வேண்டாம் என்றே அவர் எண்ணினார். முகம் உலகறிந்ததாக இருக்க, பெயர் யாருக்கும் தெரியாமலே அவர் அத்தனை ஆண்டுகளும் வாழ்ந்தார்.

சந்தைக்குப் போய் மீன் விற்பவரைப் படம் எடுக்கும் மாணவருக்கு லாங்கிடம் இருந்த திறமை இல்லாமல் இருக்கலாம். படம் சற்றே மங்கலாகவும் வரலாம். ஆனால் அவரால் ஒன்றைச் செய்ய முடியும். "அங்கிள், உங்க பேர் என்ன? இந்தப் படத்தை நான் வகுப்புல காட்டலாமா?" என்று கேட்டுவிட்டு, அவர் சம்மதித்த பிறகு பொத்தானை அழுத்தலாம். அடுத்த வாரம் அதே கடைக்குப் போய், அச்சிட்ட படம் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டும் வரலாம்.